தொப்பியில் சிவப்பு ரிப்பன்

ஆகஸ்ட் 18, திங்கள்

ஹகோபியன் ஐயா காலையில் கொடிக்கடியில் குனிந்து ஒரு பழத்தைப் பிழிந்தார். சாற்றைச் சர்க்கரை பார்க்கும் குழாயில் விட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். தோட்டமே அவருடையதுதான். ஆனாலும் அந்தக் குழாயைப் பிடிக்கும்போது மட்டும் பரீட்சை முடிவு பார்க்கிற பையன் மாதிரி நிற்பார்.

"இனிப்பு ஏறிடுச்சு எர்மெலிந்தா. புதன்கிழமை கத்தியை எடுத்துடலாம்."

இத்தனை வருடமாகிறது, எனக்கு இன்னும் இந்த வேலையைப் பார்த்தால் வாய் பிளக்கிறது. பச்சைத் திராட்சையை வெட்டுகிறோம். இரண்டு கொடி வரிசைக்கு நடுவே மண்ணில் காகிதத்தை விரித்து அதன்மேல் பரப்புகிறோம். அப்புறம் பேசாமல் வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். அடுப்பு கிடையாது, இயந்திரம் கிடையாது. மூன்று வாரம் கழித்து வந்து பார்த்தால் உலர்திராட்சை! என் குழுவில் ஓய்வே கேட்காத ஒரே ஆள் சூரியன்தான்.

எங்கள் மொழியில் எங்களுக்கு மழையின் மக்கள் என்று பெயர். தெற்கே ஒஹாகா மலையிலிருந்து எல்லை தாண்டி இந்த மதேரா சமவெளிக்கு வந்து, ஒரு சொட்டு மழை விழுந்தாலும் பாழாய்ப் போகிற வேலையில் சேர்ந்திருக்கிறோம். சாமிக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

தம்பி ஃபிதென்சியோ ஊரில் இருக்கிறான். மாதா திருவிழாவுக்கு இந்த வருடம் அவன்தான் தலைக்கட்டு. ஊருக்கே சோறு போட்டு, பேண்டு வாத்தியம் வைத்து, கடைசி விருந்தாளி படுக்கிற வரைக்கும் நின்று பார்க்கிற பொறுப்பு. மாதக் கடைசியில்தான் வருவான். அவன் இல்லாமல் வெட்டுத் தொடங்குவது கையில் ஒரு விரல் குறைந்த மாதிரி இருக்கிறது.

ஆகஸ்ட் 20, புதன்

முதல் நாள். விடியுமுன்பே நிழல் தார்ப்பாயைக் கட்டி, தண்ணீர் டிரம்களை வைத்து, ஐஸ் பெட்டியை வண்டியிலிருந்து இறக்கினேன். எந்த அவென்யூ, எந்தக் குறுக்குச் சாலை என்று டிரம்மில் பெரிய எழுத்தில் எழுதினேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் "பச்சையா இருக்கிற இடத்துக்கு வாங்க" என்றா சொல்ல முடியும்? இங்கே எல்லாமே பச்சைதான்.

புதிதாக வந்திருப்பவள் நெரெய்டா. தம்பி பெண்டாட்டி ஒதிலியாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. மலையிலிருந்து நேராக வந்திறங்கியிருக்கிறாள். அவள் தொப்பியில் சிவப்பு ரிப்பனைக் கட்டினேன். புது ஆள் தொப்பியில் இரண்டு வாரத்துக்கு ரிப்பன் இருக்க வேண்டும். யார் எங்கே குனிந்து வெட்டிக்கொண்டிருந்தாலும் நிமிரும்போதெல்லாம் அந்தச் சிவப்பு எங்கே என்று ஒரு தடவை தேட வேண்டும். இது என் குழுவின் சட்டம். போன வருடம் வேறொரு குழுவில், வந்து மூன்றாம் நாள் ஒரு மனுஷன் வரிசை நடுவில் உட்கார்ந்தான். களைப்பாறுகிறான் என்று எல்லோரும் தாண்டிப் போனார்கள். அவன் எழுந்திருக்கவே இல்லை. அன்றிலிருந்து கட்டுகிறேன்.

"புது ஆளுக்கு முதல்ல அரை வேலைதான். மிச்ச நேரம் நிழல்ல உட்காரு" என்றேன்.

"நான் என்ன கோழிக்குஞ்சா, கூடைக்குள்ள மூடி வைக்க? எங்க ஊர்ல விறகு சுமந்தவ நான்!"

"உங்க ஊர்ல விறகு இருக்கு. இந்த வெயில் இருக்கா?"

முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து வாய் மட்டும் ஓயவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

கையெல்லாம் பிசுபிசு. பேனாவும் ஒட்டுகிறது. குளவி கொட்டியது இரண்டு இடத்தில். தூங்கப் போகிறேன்.

ஆகஸ்ட் 23, சனி

இன்று நெரெய்டாவோடு சண்டை. வியர்த்து ஊற்றிக்கொண்டு வந்தவளிடம் ஐஸ் போட்ட புளித்தண்ணீரை நீட்டினேன். உப்பும் எலுமிச்சையும் போட்டு நானே கரைத்தது. தொடமாட்டேன் என்கிறாள். "உடம்பு கொதிக்கிறப்ப ஜில்லுனு உள்ள போனா ரத்தம் கட்டிக்கும் அக்கா. ஜில்லு போக வெச்சுட்டுக் குடிக்கிறேன்."

"ஆறட்டும், சூடாகட்டும், என்ன எழவோ ஆகட்டும், குடிச்சாச் சரி" என்று கத்திவிட்டு நகர்ந்தேன்.

கத்தினேனே தவிர, நான் மட்டும் யோக்கியமா? சோளரொட்டி சுட்டுவிட்டு ஒரு நாளாவது குழாயடியில் கையை நீட்டியிருக்கிறேனா? நீட்டினால் விரல் முடங்கிப் போகும் என்று அம்மா சொன்னது எலும்புக்குள் இருக்கிறது. கை தானாக ஆறும்வரை துணியில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கோடை தொடங்குமுன் மேஸ்திரிகளுக்கும் குழுவுக்கும் பாடம் எடுக்க ஒரு பெண் வந்தாள். வெயில் தலைக்கேறி ஒருவன் உளற ஆரம்பித்தால் காத்திருக்கக் கூடாது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, தார்ப்பாயில் கிடத்தி, நாலு பக்கமும் தூக்கிப் பிடித்து, ஐஸையும் தண்ணீரையும் கொட்டி அதிலேயே ஊறப்போட வேண்டும் என்றாள். "முதல்ல குளிர வைங்க. கொண்டு போறது அப்புறம்." யாராவது படுத்துக் காட்டுங்கள் என்றதும் எங்கள் எராஸ்மோ பெரியவர் போய்ப் படுத்தார். ஐஸ் விழுந்ததும் அவர் போட்ட சத்தம்! "அடிப்பாவி, என் பொண்டாட்டிகூட என் மேல இவ்வளவு தண்ணி ஊத்தினதில்ல!" சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஒதிலியா மட்டும் சிரிக்கவில்லை. "விளையாட்டுக்குச் சரி அண்ணி. நெஜமா கொதிக்கிற உடம்புல ஊத்தினா ஆள் போயிடுவான்" என்றாள் என் காதில். நான் தலையாட்டினேன்.

பாடம் எடுத்தவளுக்கும் தலையாட்டினேன். இவளுக்கும் தலையாட்டினேன். எதை நம்புகிறேன் என்று என்னைக் கேட்டால் என்ன சொல்வேன்?

ஆகஸ்ட் 28, வியாழன்

ஒரு வாரம் முன்பு மூச்சிரைத்துக்கொண்டு வந்து விழுந்த நெரெய்டா, இன்று பாட்டுப் பாடிக்கொண்டு வெட்டுகிறாள். முகம் சிவக்கவில்லை. வேலை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே வியர்வை வந்துவிடுகிறது, சட்டையில் முன்பு படிந்த மாதிரி வெள்ளை வெள்ளையாய் உப்பும் படியவில்லை. பாடம் எடுத்தவள் சொன்னது இதுதான். சீக்கிரம் வியர்க்க வேண்டும், ஆனால் உப்பை விடக் கூடாது என்று உடம்பு ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே படித்துக்கொள்ளுமாம்.

யார் சொல்லிக் கொடுத்தது? இந்தப் பெண்ணுக்குத் தன் பெயரை எழுதவே அரை நிமிஷம் பிடிக்கும். அவள் தோலுக்கு இத்தனை புத்தி! பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். "என்ன மேஸ்திரியம்மா, என் மூஞ்சில படமா ஓடுது?" என்றாள்.

வெயில் இன்று சதமடித்தது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வந்துவிட்டான்! கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, "அக்கா, பசிக்குது" என்றான். ஒரு மாதத்துக்கு அப்புறம் வருகிறவன் பேசுகிற முதல் பேச்சைப் பார்.

மெலிந்திருக்கிறான். திருவிழா பத்து நாளும் ஒழுங்காகத் தூங்கவில்லையாம். கடைசி நாள் மழை கொட்டியிருக்கிறது, பேண்டுக்காரர்கள் நனைந்துகொண்டே வாசித்தார்களாம். "குளிர்ல பல்லு தந்தியடிக்குது அக்கா. போர்வையைப் போத்திக்கிட்டு நின்னு பரிமாறினேன். ஒருத்தர் பசியோட போகல." அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ராஜா தோற்றான்.

மாதா காலில் வைத்து எடுத்த சிவப்பு ரிப்பன் ஒன்றை எனக்குக் கொண்டுவந்திருக்கிறான். எங்கள் ஊர் வழக்கம், தலைக்கட்டு வீட்டுப் பெண்களுக்கு அது வரும். மாதா படத்துக்கு முன்னால் வைத்தேன்.

"நாளையிலிருந்து வரேன்" என்றான். "ரெண்டு நாள் தூங்கிட்டு வாடா" என்றேன். "இப்பவே ஒரு வாரத்து வெட்டை விட்டுட்டேன். தூங்கறதாம்!" ஒதிலியாவும், "சொன்னா கேக்கவா போறார் அண்ணி?" என்றாள். அவள் குரலில் சந்தோஷம்தான் இருந்தது. புருஷன் வீட்டுக்கு வந்திருக்கிறானே.

செப்டம்பர் 1, திங்கள்

வானொலியில் காலையிலிருந்து ஒரே எச்சரிக்கை. இந்த வாரம் முழுக்க நூற்றுப் பத்து டிகிரிக்கு மேலாம். வேலையை இன்னும் முன்னால் தள்ளிவிட்டேன். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே தொடங்குவது, பதினொரு மணிக்குக் கத்தியை மடக்குவது. ஹகோபியன் ஐயாவுக்குக் கவலைதான், மழை வருமுன் எல்லாம் காய்ந்தாக வேண்டும். ஆனாலும், "நீ நிறுத்தச் சொன்னா நிறுத்திடு எர்மெலிந்தா, என்னைக் கேக்காதே" என்றார். நல்ல மனுஷன்.

இருட்டில் கொடிகளுக்கு அடியில் எங்கள் விளக்குகள் மட்டும் நகர்ந்தன. மேலே நட்சத்திரம், கீழே இவை. கொஞ்ச நேரத்துக்கு எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. அப்புறம் சூரியன் வந்தது. வந்த உடனேயே சுட்டது.

தம்பி வெட்டுவதைக் கண்கொட்டாமல் பார்த்தேன். வெட்டின சத்தம் காதில் விழுமுன் குலைகளைப் பிடிக்கும் பேசின் தட்டு நிறைந்துவிடுகிறது. காகிதத்தை ஒரு உதறு உதறி விரித்தால் மூலைகூட மடங்காது. எராஸ்மோ பெரியவர் பேசினைக் கீழே வைத்துவிட்டு, "வந்துட்டான்டா டிராக்டர்!" என்றார்.

காலையில் ஒன்று நடந்தது. ரிப்பன் சுருளை எடுத்தேன். மலையில் ஒரு மாதம் இருந்தவனும் புது ஆள் கணக்குத்தான் என்று பாடம் எடுத்தவள் சொன்னது ஞாபகம் வந்தது. அவன் பக்கம் போனேன்.

"எனக்குமா கட்டப் போற?" என்று கேட்டான். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். "டிராக்டருக்கு ரிப்பன் கட்டி எங்கம்மா ஊர்வலம் விடப் போற?" என்றார் எராஸ்மோ. நெரெய்டா, "மாமாவுக்கு ரெட்டை சடையும் போட்டுவிடுங்க!" என்றாள்.

நானும் சிரித்தேன். சுருளைப் பையில் போட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஆஸ்பத்திரி. தம்பிக்கு மூச்சு இருக்கிறது. எழுத வரவில்லை. மாதாவே.

செப்டம்பர் 3, புதன்

எழுதி விடுகிறேன். எழுதாவிட்டால் மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

நேற்று விடியும்போதே காற்று அசையவில்லை. ஒன்பது மணிக்கெல்லாம் வானம் நீலமே இல்லை, வெள்ளையாக இருந்தது. காக்கைகள் எங்கள் தார்ப்பாய் நிழலுக்கு வந்து அலகைத் திறந்தபடி நின்றன. மனுஷனைக் கண்டு பயப்படவில்லை. இப்படி ஒரு வெயிலை நான் கண்டதில்லை. கோபமாகக்கூட இல்லை அது. எங்களைப் பற்றி அதற்கு ஒரு நினைப்பே இல்லை. அவ்வளவு பெரிசு. கழுத்தை நிமிர்த்தி ஒரு நிமிஷம் அப்படியே பார்த்தேன், அப்புறம் பயம் வந்து எல்லோரையும் தண்ணீர் குடிக்கக் கூப்பிட்டேன்.

எல்லோரும் வந்தார்கள். தம்பி வரவில்லை. "இந்த வரிசையை முடிச்சுட்டு வரேன்." சரி, அவன்தானே என்று விட்டேன். தலையை மூடும் குல்லா வைத்த தடித்த சட்டை, அதன் மேல் முழுக்கைச் சட்டை, முகத்தில் துணி. தூசிக்கும் குளவிக்கும் எல்லோரும் போடுவதுதான்.

பத்தரை இருக்கும். நெரெய்டா இன்னும் ரிப்பன்காரி, அதனால் நிழலில் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து வரிசை முழுக்கத் தெரியும். திடீரென்று சிரித்தாள்.

"மேஸ்திரியம்மா, மாமாவைப் பாருங்களேன். காகிதமே போடாம மண்ணுல கொட்டிட்டுப் போறார்!"

"மலைக் காத்து தலைக்கேறிடுச்சு போல" என்றார் எராஸ்மோ. நானும் சிரிக்க வாயைத் திறந்தேன்.

பாதியில் நின்றது சிரிப்பு. மண்ணிலா? இந்த வேலையில் இருக்கிறவன் தூக்கத்தில் நடந்தாலும் காகிதம் விரித்துவிட்டுத்தான் பழத்தைப் போடுவான். ஃபிதென்சியோவா மண்ணில் கொட்டுவான்? ஓடினேன். செருப்புப் போன இடம் தெரியவில்லை.

மண்டி போட்டு உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு குலையாக எடுத்து, மண்ணைக் கையால் தடவிச் சுத்தம் செய்து, வரிசை பிசகாமல் வைத்துக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்றே?"

"பேண்டுக்காரங்க வந்துட்டாங்க அக்கா. நனைஞ்சுட்டு நிக்கிறாங்க பாரு. தட்டு வெச்சுக்கிட்டிருக்கேன்."

என்னைத்தான் பார்த்தான். ஆனால் நான் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. கழுத்தைத் தொட்டேன், ரொட்டிக் கல்லில் கை பட்ட மாதிரி வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். எழுந்து நின்றான். "யாரும் பசியோட போகக் கூடாது" என்றான். இரண்டு எட்டு வைத்தான். விழுந்துவிட்டான்.

நான் போட்ட கூச்சல் எனக்கே ஞாபகமில்லை. எராஸ்மோ கத்தியால் நிழல் தார்ப்பாயின் கயிற்றை அறுத்தார். நெரெய்டா போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, டிரம்மில் எழுதியிருந்த சாலைப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். அந்தப் பெண் அழுதுகொண்டே ஒவ்வொரு எழுத்தாகப் படித்தது இன்னும் காதில் இருக்கிறது. சட்டைகளைக் கிழித்து எறிந்துவிட்டு அவனைத் தார்ப்பாயில் போட்டோம். ஆளுக்கொரு ஓரமாகத் தூக்கிப் பிடித்தார்கள். நான் ஐஸ் பெட்டியைத் தூக்கினேன்.

ஒதிலியா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊத்தாதீங்க அண்ணி! கொதிக்கிற உடம்பு! ஐஸ் பட்டா நரம்பு இழுத்துக்கும், நெஞ்சு நின்னுடும்! ஐயோ, தெரியாதவங்களா நீங்க? கல்யாணமாகி வந்தப்ப எனக்கே நீங்கதானே சொன்னீங்க!"

ஆமாம், நான்தான் சொன்னேன். அடுப்படியில் அவள் கையைத் துணியில் சுற்றிவிட்டுச் சொன்னேன்.

உள்ளதை எழுதுகிறேன். அந்த நிமிஷம் நானும் அதைத்தான் நம்பினேன். ஊற்றினால் என் கையாலேயே போய்விடுவான் என்று என் உடம்பு முழுக்கச் சொன்னது. அம்மா சொன்னதும் பொய்யாகத் தோன்றவில்லை, பாடம் எடுத்தவள் சொன்னதும் பொய்யாகத் தோன்றவில்லை. கை அந்தரத்தில் நிற்கிறது. தம்பி கண் மேலே செருகிவிட்டது. எராஸ்மோ கிழவர் தார்ப்பாயின் ஓரத்தைப் பிடித்தபடி, "என் மேல ஊத்தினாங்களே, நான் செத்தா போனேன்? ஊத்து தாயி! ஊத்து!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

ஒதிலியாவைத் தள்ளினேன். கீழே விழுந்தாள். ஊற்றினேன்.

ஐஸ், ஐஸ் தண்ணீர், குடிக்கிற டிரம்கள், புளித்தண்ணீர், எல்லாவற்றையும். எங்களுக்குக் குடிக்க ஒரு வாய் மிச்சமில்லை. தார்ப்பாய்த் தொட்டிலில் அவன் மிதந்தான். அவர்கள் இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொடுத்தார்கள். எராஸ்மோ தலையை மட்டும் மேலே தாங்கிப் பிடித்திருந்தார். ஒதிலியா மண்ணில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டாள். நானும் கூப்பிட்டேன். எத்தனை நேரம் என்று தெரியாது.

முதலில் உதடு அசைந்தது. அப்புறம் உடம்பு உதறியது. பல் கடகடவென்று அடித்துக்கொண்டது. கண்ணைத் திறந்தான். இந்தத் தடவை என்னைப் பார்த்தான், என்னையேதான்.

"குளிருது அக்கா."

காக்கை அலகைப் பிளந்து நிற்கிற வெயிலில், மண் சுடுகிற வெயிலில், என் தம்பி குளிருது என்றான். மாதாவே! நான் கேட்ட சொற்களில் இதற்கு மேல் ஒன்று உண்டா? தார்ப்பாயைப் பிடித்திருந்தவர்கள் ஓரத்தை விடாமல் ஆட்டிக்கொண்டே இருந்தார்கள். தூரத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

செப்டம்பர் 5, வெள்ளி

கண் விழித்திருக்கிறான். ஆளைத் தெரிகிறது. சிறுநீரகம் அடி வாங்கியிருக்கிறதாம், நாளாகும் என்கிறார் டாக்டர். எப்படி இவ்வளவு சீக்கிரம் சூடு இறங்கியது என்று கேட்டார். தார்ப்பாயைச் சொன்னேன். என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

ஒதிலியா என்னோடு பேசவில்லை. அவள் முழங்கையில் நான் தள்ளின காயம் இருக்கிறது.

செப்டம்பர் 6, சனி

தூக்கமில்லை. ரிப்பன் பையிலேயே இருந்ததே, பையிலேயே இருந்ததே. கட்டியிருந்தால் தண்ணீருக்கு வராமல் விட்டிருப்பேனா? "சரி, அவன்தானே" என்று எந்த வாய் சொன்னது? எல்லோரும் நெரெய்டாவையே பார்த்துக்கொண்டிருந்தோம். பலசாலியை யார் பார்ப்பார்கள்?

செப்டம்பர் 8, திங்கள்

சாயங்காலம் ஒதிலியா வந்தாள், கையில் பீன்ஸ் குழம்புப் பாத்திரத்தோடு. மேசையில் வைத்துவிட்டு நின்றாள். நானும் நின்றேன்.

"ஆஸ்பத்திரில நர்ஸு அவர் நெத்தியில ஈரத்துணி வெச்சா அண்ணி. எனக்கு இன்னும் பயமாத்தான் இருந்துச்சு. கண்ணை மூடிக்கிட்டேன்."

"எனக்கும் பயம்தான்டீ. இன்னும் பயம்தான்."

"பயந்துக்கிட்டா ஊத்துனீங்க?"

"வேற எப்படி ஊத்துவாங்க?"

அழுதாள். கட்டிக்கொண்டேன். குழம்பில் உப்பு போட மறந்திருந்தாள், சொல்லவில்லை.

செப்டம்பர் 17, புதன்

வெயில் தணிந்துவிட்டது. உலர்ந்த பழத்தோடு காகிதங்களைச் சுருட்டுகிறோம். ஒவ்வொன்றையும் சுருட்டும்போது அந்த வாசனை வந்து மூக்கில் ஏறுகிறது, கருப்பட்டி வாசனை. தம்பியைச் சாய்த்த அதே வெயில்தான் இதையும் செய்தது. ஒரே கை. நினைத்தால் புல்லரிக்கிறது.

அந்த வரிசைக்கு வந்தபோது எல்லோர் நடையும் தளர்ந்தது. அவன் மண்ணில் பரப்பியவை அப்படியே கிடந்தன. யாரும் தொடவில்லை, யாரும் சொல்லிக்கொள்ளவும் இல்லை. வரிசை பிசகாமல், விருந்துக்கு வைத்த மாதிரி காய்ந்திருந்தன. மண்ணில் கிடந்ததைப் பெட்டியில் சேர்க்கக் கூடாது. நான் குனிந்து ஒன்றை எடுத்து, ஊதி, வாயில் போட்டேன். மண் நறநறத்தது. என்ன இனிப்பு!

எராஸ்மோ ஒன்று எடுத்துக்கொண்டார். நெரெய்டா ஒன்று. அப்படியே ஒவ்வொருவராக வந்தார்கள். "அவன் வெச்ச பந்தி, வேண்டாம்னு சொல்லலாமா?" என்றார் எராஸ்மோ. ஒதிலியா ஒரு பிடி அள்ளி கழுத்துத் துணியில் முடிந்துகொண்டாள், அவனுக்குக் காட்ட.

செப்டம்பர் 30, செவ்வாய்

கடைசி வண்டி போய்விட்டது. ராத்திரி நல்ல மழை.

ஜனவரி 14, புதன்

பனியில் கொடி கவாத்து, பழைய கிளைகளைக் கழிக்கிறோம். தம்பியும் வந்தான். கை பழைய வேகமில்லை. சீக்கிரம் மூச்சு வாங்குகிறது. வெயில் காலத்து வேலை இனிமேல் ஜாக்கிரதையாகத்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எராஸ்மோ அவனை டிராக்டர் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். விட்டது அவனுக்கும் தெரியும். அடுத்த கொடிக்கு நகர்ந்தான்.

மே 30, சனி

டாக்டர் சரி சொல்லிவிட்டார். அரை வேலை, கொஞ்சம் கொஞ்சமாக. "வரட்டுமா அக்கா?" என்று போனில் கேட்டான். என் வாழ்நாளில் அவன் என்னிடம் கேட்டுக்கொண்டு வேலைக்கு வந்ததில்லை.

வா என்றேன். வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவனை மறுபடியும் அந்த வெயிலுக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்த எனக்கு என்ன தைரியம்?

ஜூன் 8, திங்கள்

இந்த வருடத்து முதல் சதம் இன்று. பழத்தில் வெயில் படக் கொடியில் இலை கிள்ளும் வேலை. புதிதாக நாலு பேர். நிழல் தார்ப்பாய்க்கடியில் வரிசையாக நிற்க வைத்தேன். ரிப்பன் சுருளை எடுத்தேன். அதோடு, படத்துக்கு முன்னால் வைத்திருந்த மாதா ரிப்பனையும் காலையில் எடுத்துப் பையில் போட்டு வந்திருந்தேன். போட்டுக்கொண்டேனே தவிர, என்ன சொல்லி அவனிடம் நீட்டுவது? எல்லோர் முன்னாலும் எப்படி அவனைக் கூப்பிடுவது? வண்டியில் வரும் வழி முழுக்க இதே யோசனை.

புது ஆட்கள் நாலு பேருக்கும் நெரெய்டாதான் கட்டினாள். ஒரு பையன் முரண்டு பிடித்தான். "நான் என்ன குழந்தையா?" அவள் அவன் தொப்பியைப் பிடுங்கி, "வாயை மூடுடா கோழிக்குஞ்சு" என்றாள். சிரிப்பு எழுந்தது.

நாலாமவனுக்கு அவள் கட்டி முடித்ததும் நான் நிமிர்ந்து பார்த்தால், வரிசையில் ஐந்தாவதாக ஃபிதென்சியோ நிற்கிறான். தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்திருந்தான். தலையில் நரை இத்தனை வந்துவிட்டதை அப்போதுதான் பார்த்தேன்.

சிரிப்பு நின்றது. எராஸ்மோகூடக் கேலி பேசவில்லை.

"கட்டு அக்கா" என்றான்.

பையிலிருந்து மாதா ரிப்பனை எடுத்தேன். முடிச்சு விழவே இல்லை. அவனே ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தான். கட்டினேன். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போய் நிழலில் அந்த முரட்டுப் பையன் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒதிலியா டிரம்மிலிருந்து ஐஸ் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய் அவன் கையில் கொடுத்தாள். தனக்கு மட்டும் பக்கத்தில் ஒரு டம்ளரை வெயிலில் வைத்திருந்தாள், ஜில்லுப் போகட்டும் என்று.

இலை கிள்ளப் போனேன். நிமிரும்போதெல்லாம் பார்த்தேன். சிவப்பு தெரிந்தது.